பரிசின் வெலிப் தரிப்பிடங்கள்: மேட்டில் குடியிருப்பவளின் மதிப்பீடு

வெலிப் என்பது பரிஸ் நகரின் பகிர்வுச் சைக்கிள் சேவை: ஒரு தரிப்பிடத்தில் எடுத்து இன்னொன்றில் விடலாம். பரிஸ் நகருக்குப் புதிதாக வந்தவர்கள் அதற்குச் சந்தா எடுக்கலாமா என்று என்னிடம் கேட்டால், நான் திருப்பி இரண்டு கேள்விகள் கேட்பேன். உங்கள் வீட்டு வாசலில் இருந்து கிட்டிய தரிப்பிடம் எவ்வளவு தூரம்? நீங்கள் வேலைக்குப் போய்ச் சேரும் நேரத்தில், அங்கே இருக்கும் தரிப்பிடத்தில் சைக்கிளைப் பூட்டிவிட ஒரு காலித் தூண் இருக்குமா? இந்த இரண்டுக்கும் நல்ல பதில் கிடைத்தால் தாராளமாக எடுங்கள். சைக்கிளுக்கு எத்தனை கியர், கூடையில் எவ்வளவு சாமான் கொள்ளும் என்பதெல்லாம் அதற்குப் பிறகு பார்க்க வேண்டியவை.

நான் பத்தொன்பதாம் வட்டாரத்தில், பிளாஸ் தே ஃபெத் பக்கம் இருக்கிறேன். பெல்வில் மேட்டின் உச்சி அது. வேலை ஒப்பரா பக்கத்து அலுவலகங்களில். ஊழியர்கள் வருமுன் துப்புரவு முடிந்திருக்க வேண்டும் என்பதால் காலை ஆறு மணிக்கே தொடங்கிவிடும். முதல் மெத்ரோ ஐந்தரை மணியளவில்தான் புறப்படுகிறது. அதைப் பிடித்து, இடையில் மாறி, படிகள் ஏறி இறங்கி ஆறு மணிக்குள் உடை மாற்றி நிற்பது பெரும்பாடு. சைக்கிளில் என்றால் பெல்வில் வீதியால் இறங்கி, றிபப்ளிக் தாண்டி, பெரும் புல்வார்கள் என்ற அகன்ற வீதிகளின் வழியே போய்விடலாம். அந்த நேரத்தில் வீதியும் என்னுடையதுபோல வெறுமையாகக் கிடக்கும்.

நான் யாழ்ப்பாணத்தில் சைக்கிளோடு வளர்ந்தவள். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெட்ரோல் இல்லாமல் குடாநாடே சைக்கிளில்தான் ஓடியது. வெள்ளைச் சீருடையோடு பெண் பிள்ளைகள் வரிசையாகச் சைக்கிளில் பள்ளிக்கூடம் போவது எங்கள் ஊரில் அன்றும் இன்றும் சாதாரணக் காட்சி. அங்கே சைக்கிளை முற்றத்தில் நிறுத்திவிட்டு உள்ளே போகலாம். பரிசில் முற்றம் எங்கே? லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மேல்மாடியில் குடியிருக்கும் ஒருவர் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏற முடியாது. கீழே வீதியில் கட்டிவைத்தால் களவு போகும் என்ற பயம் தூக்கத்தைக் கெடுக்கும். அதனால்தான் இந்த நகரத்தில் பகிர்வுச் சைக்கிள் ஒரு பொழுதுபோக்குப் பொருளாக இல்லாமல், வீட்டில் இடமில்லாதவர்களின் வாகனமாக இருக்கிறது.

வெலிப் 2007 ஜூலை 15 அன்று தொடங்கியது. அப்போது மேயராக இருந்தவர் பெர்த்ராண் தெலனோவே. பகிர்வுச் சைக்கிள் பிரான்சுக்கு அதற்கு முன்னரே தெரிந்ததுதான்: லா றொஷெல் நகரில் 1974 இலேயே மஞ்சள் சைக்கிள்கள் ஓடின, லியோனில் 2005 இல் வெலோவ் வந்தது. பரிஸ் செய்தது வேறொன்று. ஏறத்தாழ 750 தரிப்பிடங்களோடு ஒரே நாளில் தொடங்கி, ஆண்டு முடிவதற்குள் அந்த எண்ணிக்கையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கினார்கள். தரிப்பிடங்களுக்கு இடையே சுமார் 300 மீட்டர் என்பதுதான் கணக்கு. ஒரு தரிப்பிடத்தில் சைக்கிள் இல்லாவிட்டால் அடுத்ததற்கு நான்கைந்து நிமிடத்தில் நடந்துவிடலாம்.

அந்த 300 மீட்டரின் அருமை, அது இல்லாத இடத்துக்குப் போனால்தான் விளங்கும். பகிர்வுச் சைக்கிள் திட்டமிடுகிறவர்களுக்காக ஐடிடிபி என்ற அமைப்பு 2013 இல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. சென்னையிலும் அந்த அமைப்புக்கு அலுவலகம் இருக்கிறது. சதுர கிலோமீட்டருக்கு 10 முதல் 16 தரிப்பிடங்கள் வேண்டும் என்று அது சொல்கிறது. 300 மீட்டருக்கு ஒன்று என்று கட்டம் போட்டுப் பாருங்கள். சதுர கிலோமீட்டருக்குப் பதினொன்று வரும். பரிஸ் அந்த வரம்புக்குள்தான் நிற்கிறது. இருக்கிற பணத்தில் நகரம் முழுவதற்கும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தூவிவிடுவது அரசியல்வாதிகளுக்குப் பிடித்த வேலை. எல்லா வட்டாரத்துக்கும் கொடுத்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? ஆனால் பதினைந்து நிமிடம் நடந்துதான் சைக்கிள் எடுக்க வேண்டும் என்றால், அந்த நடையிலேயே மனிதர் பஸ்ஸில் ஏறிப் போய்விடுவார். சிறிய பரப்பாக இருந்தாலும் நெருக்கமாகத் தொடங்கி, பிறகு வெளியே விரிப்பதே பயன் தரும்.

பரிசிலும், நகர எல்லையைச் சுற்றி ஓடும் வளைய நெடுஞ்சாலைக்கு வெளியே போகப் போகத் தரிப்பிடங்கள் ஐதாகின்றன. பாந்தான், ஓபெர்வில்லியே போன்ற நகரங்களுக்கு வெலிப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் பரிசுக்குள் இருக்கும் நெருக்கம் அங்கே இல்லை. எங்கள் ஆட்களில் பெரும்பாலானோர் வாடகை குறைவு என்று குடியிருப்பது அந்தப் பக்கங்களில்தான். விடிய முன்னும் நள்ளிரவுக்குப் பின்னும் வேலைக்கு ஓடுகிறவர்களும் அவர்கள்தான். இந்தச் சேவையில் நான் மதிப்பெண்ணைக் குறைப்பது முதலில் இதற்காக.

இனிக் காலித் தூண் விடயத்துக்கு வருகிறேன். சைக்கிள் கிடைக்காவிட்டால் மெத்ரோவில் போகலாம், அது சின்னத் தொல்லை. சைக்கிளை விட இடமில்லாவிட்டால் நிலைமை வேறு: சைக்கிள் உங்கள் கையில் இருக்கிறது, நேரம் ஓடுகிறது, விட்டுவிட்டுப் போகவும் முடியாது. அலுவலகங்கள் நெருங்கிய பகுதிகளில் காலை ஒன்பது மணிவாக்கில் தரிப்பிடங்கள் நிரம்பி வழிவது உலகத்தில் எந்த நகரத்திலும் நடப்பதுதான். இதற்காகவே அந்த ஐடிடிபி வழிகாட்டி, ஒரு சைக்கிளுக்கு 2 முதல் 2.5 பூட்டுத்தூண்கள் இருக்க வேண்டும் என்கிறது. முதலில் வாசித்தபோது வீண்செலவு போலத் தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள்: ஆயிரம் சைக்கிளுக்கு ஆயிரம் தூண்கள் மட்டும் இருந்தால், இரவில் எல்லாம் பூட்டப்பட்டிருக்கும்போது நகரில் ஒரு காலித் தூண்கூட மிஞ்சாது. முதல் ஆள் எடுத்த சைக்கிளை, இரண்டாவது ஆள் எங்காவது ஒன்றை எடுத்தால்தான் வேறு தரிப்பிடத்தில் விட முடியும். பாதிக்கு மேல் வெறுமையாக நிற்கும் தரிப்பிடத்தைப் பார்த்து "யாரும் பயன்படுத்துவதில்லை" என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். அந்த வெறுமைதான் வந்து சேருகிறவருக்கான இடம்.

என்னைப்போல ஆறு மணிக்கு வேலை தொடங்குகிறவர்களுக்கு இது சாதகம். ஒப்பரா பக்கம் அந்த நேரத்தில் தூண்கள் தாராளமாக இருக்கும். ஒன்பது மணிக்காரர்கள்தான் கைபேசியில் செயலியைத் திறந்து, அடுத்த வீதியில் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு ஓட வேண்டும்.

மேட்டுக்கும் பள்ளத்துக்குமான வழக்குத்தான் பரிசில் மிகப் பெரியது. பெல்வில், மெனில்மொந்தான், மொன்மார்த் எல்லாம் மேடுகள். எங்கள் பக்கத்துத் தெலெகிராஃப் 128 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மொன்மார்த் உச்சி அதைவிட ஒன்றிரண்டு மீட்டர்தான் அதிகம். சேன் ஆற்றங்கரை இதற்கெல்லாம் வெகு கீழே. காலையில் எல்லோரும் சைக்கிளில் இறங்கிப் போவார்கள், மாலையில் மெத்ரோவில் ஏறி வருவார்கள். தண்ணீர் போலச் சைக்கிள்களும் பள்ளத்துக்கே ஓடிவிடும். மேட்டுத் தரிப்பிடங்கள் வெறுமையாகவும், ஆற்றோரத் தரிப்பிடங்கள் நிறைந்தும் கிடக்கும். அவற்றைத் திரும்பவும் மேலே கொண்டுவர லாரிகள் இரவு பகலாக ஓட வேண்டும். சைக்கிளைச் சுமந்துகொண்டு டீசல் வண்டி மேடேறுவதைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுக்காது.

இதற்கு நகரசபை 2008 இல் ஒரு வழி செய்தது. 60 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருந்த சுமார் நூறு தரிப்பிடங்களைத் தனியாகக் குறித்து, அங்கே சைக்கிளைக் கொண்டுவந்து விடுகிறவர்களுக்கு 15 நிமிட இலவச நேரம் கூடுதலாகக் கொடுத்தார்கள். நல்ல எண்ணம். ஆனால் இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ள அந்தப் பழைய சாம்பல் நிறச் சைக்கிளை, நாள் முழுவதும் நின்று வேலை செய்த கால்களோடு பெல்வில் வீதியில் மிதித்து ஏறுவதற்கு 15 நிமிடம் என்ன கூலி? இளைஞர்கள் ஏறினார்கள். மற்றவர்கள் மெத்ரோவையே பிடித்தார்கள்.

மேட்டின் தலைவிதியை மாற்றியது 2018 இல் வந்த நீல நிற மின்சாரச் சைக்கிள். பச்சை நிறம் சாதாரணம், நீலம் மின்சாரம். அதில் ஏறியவர் மேடா பள்ளமா என்று பார்ப்பதில்லை. மாலையில் றிபப்ளிக்கில் இருந்து எங்கள் மேட்டை நோக்கி நீலச் சைக்கிள்கள் தொடர்ந்து ஏறி வருவதைப் பார்க்கும்போது, மூட்டு வலியோடு நடக்கும் என் வயதுப் பெண்களும் அதில் இருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் இதனால் தரிப்பிடத் திட்டமும் மாற வேண்டும் என்பதைக் கவனியுங்கள். முன்பு மேட்டில் சைக்கிள் போதாது என்பதே கவலை. இப்போது இரவில் எங்கள் பக்கத்தில் தூண்கள் போதாமல் போகலாம். கால்களுக்காகப் போட்ட கணக்கு மின்கலத்துக்குப் பொருந்தாது. மேட்டுத் தரிப்பிடங்களைப் பெரிதாக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

தரிப்பிடத்தை வீதியில் எங்கே வைப்பது என்பதிலும் பரிஸ் பெரும்பாலும் சரியாகச் செய்திருக்கிறது. தரிப்பிடங்களில் நிறைய, முன்பு கார்கள் நின்ற இடத்தில் இருக்கின்றன. நடைபாதையில் இருந்து பிடுங்கிக்கொள்ளவில்லை. இது சின்ன விடயம் இல்லை. கைத்தடியோடு நடக்கும் முதியவர், குழந்தை வண்டி தள்ளும் தாய், சக்கர நாற்காலியில் வருகிறவர், இவர்களுடைய இடத்தை எடுத்துச் சைக்கிளுக்குக் கொடுத்தால் அது ஏழையிடம் எடுத்து ஏழைக்குக் கொடுப்பது. கார் நின்ற இடத்தில் பல சைக்கிள்கள் நிற்கின்றன. அதனால் நன்மை பெறும் மனிதர்களும் அத்தனை பேர்.

சந்தி முனையில் இருக்கும் தரிப்பிடங்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். நான்கு பக்கத்தில் இருந்து வருகிறவர்களும் அதைக் காண்பார்கள். இன்னொரு நன்மையும் உண்டு: நிறுத்திய சைக்கிள் வரிசைக்கு மேலால் பார்வை போகும், நிறுத்திய வான் மறைக்கும். பிரான்சில் 2019 இல் நிறைவேறிய போக்குவரத்துச் சட்டம், பாதசாரிக் கடவைக்கு முந்திய 5 மீட்டரில் கார் நிறுத்துமிடம் இருக்கக் கூடாது என்றும், ஏற்கெனவே இருப்பவற்றை 2026 முடிவதற்குள் மாற்ற வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த இடத்தில் சைக்கிள் நிறுத்தலாம். கடவையில் இறங்கும் குழந்தையைச் சாரதி காண வேண்டும் என்பதுதான் நோக்கம். புதிதாகத் தரிப்பிடம் அமைக்கும் எந்த நகரமும் இந்த மூலைகளைத்தான் முதலில் தேட வேண்டும்.

வெளிச்சமும் முக்கியம். விடிய முன் தனியாகச் சைக்கிள் எடுக்கும் பெண்ணுக்கு, தெருவிளக்கின் கீழே, ஜன்னல்கள் பார்க்கும் இடத்தில் இருக்கும் தரிப்பிடமும், பூங்கா மதிலோரம் இருட்டில் இருக்கும் தரிப்பிடமும் ஒன்றல்ல. வரைபடத்தில் இரண்டும் ஒரே புள்ளியாகத்தான் தெரியும். திட்டம் வரைகிறவர்கள் தங்கள் தரிப்பிடத்தை ஒரு முறையாவது குளிர்காலத்து ஐந்து மணிக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

2018 இன் தொடக்கத்தைச் சொல்லாமல் வெலிப்பை மதிப்பிட முடியாது. நகரம் முழுவதும் அறிந்த கதை அது. பழைய ஒப்பந்தம் முடிந்து சேவை புதிய நிறுவனத்தின் கைக்கு மாறியது. பழைய தூண்களைக் கிளப்பி, நிலத்தைத் தோண்டி, புதிய அடித்தளம் போட்டு, மின்சாரம் இழுக்க வேண்டியிருந்தது. ஜனவரி முதலாம் தேதி 600 தரிப்பிடங்கள் திறந்திருக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் நூறுகூடத் திறக்கவில்லை. மின் இணைப்பு வராத தரிப்பிடங்களை மின்கலத்தில் ஓட்டினார்கள். சேவை சீராகப் பல மாதங்கள் எடுத்தன. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வலையமைப்பை, நிலத்தில் புதைத்த எல்லாவற்றோடும் சேர்த்து, ஒரு குளிர்காலத்தில் பிடுங்கி நடலாம் என்று நினைத்தது பெரிய தவறு.

கனடாவின் மொன்றியால் இதில் வேறு வழியில் போனது. அங்கே 2009 இல் தொடங்கிய பிக்சி சேவையின் தரிப்பிடங்கள் கனத்த தட்டுகளின் மேல் பொருத்தப்பட்டவை. மின்சாரம் சூரிய ஒளியில் இருந்து. தோண்ட வேண்டியதில்லை. லாரியில் கொண்டுவந்து பாரந்தூக்கியால் இறக்கி வைக்கலாம், இடம் சரியில்லையென்றால் வேறு வீதிக்கு மாற்றலாம், பனிக்காலத்துக்கு முன் எடுத்துவிடலாம். இதே முறையைப் பிறகு வேறு பல நகரங்களும் எடுத்துக்கொண்டன. பரிசின் தரிப்பிடத்துக்கு மின்சாரம் இழுத்ததால் கிடைத்த நன்மை, நீலச் சைக்கிள்கள் தூணில் நிற்கும்போதே மின்னேற்றம் பெறுகின்றன என்பது. மேட்டில் இருப்பவளுக்கு அதன் பயன் தெரியும். ஆனால் தொடங்கப் போகும் நகரத்துக்கு நான் மொன்றியால் வழியைத்தான் சொல்வேன். முதல் ஆண்டில் வைத்த இடமெல்லாம் சரியாக அமையும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. நகர்த்தக்கூடியதாக இருந்தால் மக்கள் போகும் வழியைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

தரிப்பிடமே வேண்டாம், எங்கும் விடலாம் என்று சொல்லிக்கொண்டும் நிறுவனங்கள் வந்தன. ஹொங்கொங்கைச் சேர்ந்த கோபீ பைக் 2017 அக்டோபரில் பரிசுக்கு வந்து, சைக்கிள்கள் உடைக்கப்படுவதையும் களவு போவதையும் காரணம் சொல்லி 2018 பெப்ரவரியில் பிரான்சை விட்டே போனது. நின்றுகொண்டு ஓட்டும் வாடகை மின்சார ஸ்கூட்டர்கள் நடைபாதைகளில் குறுக்கும் மறுக்குமாகக் கிடந்தன. 2023 ஏப்ரலில் நடந்த வாக்கெடுப்பில், வாக்களித்தவர்கள் மிகப் பெரும்பான்மையாக வேண்டாம் என்றார்கள், அந்தச் செப்டம்பருக்குள் அவை போய்விட்டன. தரிப்பிடம் செலவுதான், இடம் பிடிப்பதுதான். ஆனால் இருட்டில் வீட்டை விட்டு இறங்குகிறவளுக்கு, சைக்கிள் எங்கே இருக்கும் என்பது நேற்றே தெரிந்திருக்க வேண்டும்.

பயன்படுத்துகிறவர்களுக்குச் சில சொல்ல வேண்டும். சீற் பின்பக்கம் திரும்பியிருந்தால் அந்தச் சைக்கிளை விட்டுவிடுங்கள். பழுது என்று முன்னர் எடுத்தவர் உங்களுக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பரிஸ்வாசிகள் தாங்களாகவே உண்டாக்கிக்கொண்ட வழக்கம் இது. உங்கள் சைக்கிளில் குறை இருந்தால் நீங்களும் சீற்றைத் திருப்பிவிட்டுப் போங்கள். எடுக்குமுன் ரயரை அழுத்திப் பாருங்கள், பிறேக்கைப் பிடித்துப் பாருங்கள், செயின் தொங்குகிறதா என்று குனிந்து பாருங்கள். மெத்ரோ, பஸ்ஸுக்குப் பயன்படும் நவிகோ அட்டையைச் சந்தாவோடு இணைத்துக்கொண்டால் கைபேசியை வெளியே எடுக்காமலே சைக்கிளைத் திறக்கலாம். இருட்டில் இது பெரிய வசதி. விடும்போது தூணில் நன்றாகத் தள்ளி, ஹாண்டிலில் உள்ள பெட்டி உறுதி காட்டும்வரை நின்று பார்த்துவிட்டு நகருங்கள். பஸ் வருகிறது என்று பாதியில் ஓடினால், பயணம் முடியாமல் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

எந்தச் சந்தா? பள்ளத்தில் வீடு, பள்ளத்தில் வேலை என்றால் சாதாரண மாதச் சந்தாவே போதும். பச்சைச் சைக்கிளில் முதல் அரை மணி நேரத்துக்கு வேறு கட்டணம் இல்லை, பரிசுக்குள் அரை மணியில் வெகுதூரம் போய்விடலாம். என்னைப்போல மேட்டில் வீடு உள்ளவர்கள் நீலச் சைக்கிளும் உள்ளடங்கிய சந்தாவைப் பார்த்து எடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் தனியாகக் கொடுக்க வேண்டி வரும். எடுப்பதற்கு முன், நீங்கள் புறப்படும் நேரத்திலும் போய்ச் சேரும் நேரத்திலும் செயலியில் உங்கள் இரண்டு தரிப்பிடங்களையும் சில நாட்கள் கவனியுங்கள். ஆவணித் தேர் நாளில் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலுக்கு வருகிறவர்கள், மாணிக்க விநாயகர் கோயில் ஊர்வலம் போகும் வீதிகள் அடைக்கப்பட்டிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். ஸ்டாலின்கிராட் பக்கமோ கார் து நோர் பக்கமோ சைக்கிளை விட்டுவிட்டு நடந்து வருவது நல்லது.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். மீதி ஒன்றை, வளைய நெடுஞ்சாலைக்கு அப்பால் தரிப்பிடங்கள் நெருங்கும்போதும் எங்கள் மேட்டில் தூண்கள் கூடும்போதும் தருவேன். உங்கள் வீதியில் தரிப்பிடம் வேண்டும் என்றால் நகரசபைக்கு எழுதுங்கள். பிரெஞ்சு எழுத வராவிட்டால் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவியுங்கள். எந்த மூலையில் வைக்கலாம், அங்கே விளக்கு இருக்கிறதா, எத்தனை மணிக்கு ஆட்கள் வேலைக்குப் போகிறார்கள் என்பதையும் அதில் குறிப்பிடுங்கள்.